ஒண்ணும்செய்யாதார்

சங்கப் புலவர்களில் சிலருடைய இயற்பெயர் தொலைந்துபோய், அவர்கள் பாட்டில் வந்த தொடரே பெயராக நின்றுவிட்டது. செம்புலப்பெயல்நீரார் அப்படி ஒருவர். எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்காரருக்கும் அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. வாசலில் கறுப்பு கிரானைட்டில் இனிஷியலோடு கம்பீரமான பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கதவருகே நின்று படிக்கிற தைரியம்தான் எவருக்கும் இல்லை. மாடிப்படியில், லிஃப்டில், கார் நிறுத்துமிடத்தில் அவர் திருவாய் மலர்ந்தருளும் வாசகம் ஒன்றே ஒன்று: “பயப்படாதீங்க, அது ஒண்ணும் செய்யாது.” ஆகவே அவர் ஒண்ணும்செய்யாதார்.

சென்னைக்கு மட்டும் உரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோவை ஆர்.எஸ்.புரத்திலும் மதுரை கே.கே. நகரிலும் இதே அரைக்கால் சட்டையோடு, இதே வாசகத்தோடு நடமாடுகிறார். நாய் மாறும், வசனம் மாறாது.

அது என்று அவர் சொல்வது சீசரை. ராட்வீலர், ஆண், வயது மூன்று, எடை 50 கிலோ. மணி, ஜிம்மி என்று பெயர் வைத்த காலத்தில் நாயும் அதற்கேற்ற அளவில் இருந்தது. இப்போது பேரரசர்களையும் குத்துச்சண்டை வீரர்களையும்தான் கூப்பிடுகிறார்கள். சீசரை வாங்கியதற்கு அவர் சொன்ன காரணம், பாதுகாப்பு. எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேன் இருக்கிறார், கேமரா இருக்கிறது, அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே இரும்புக் கதவும் இருக்கிறது. இத்தனையையும் தாண்டி வரக்கூடிய திருடனுக்காக ஒரு நாய். “நாலு பேர் பார்த்தா பயப்படணும் சார்” என்றார். நாலு பேரும் பார்த்தார்கள், பயந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு மனத்தாங்கல். “எதுக்கு எல்லாரும் இப்படிப் பயப்படறாங்க? அது குழந்தை சார்!”

ஜெர்மனியில் ராட்வைல் என்று ஓர் ஊர். அங்கே கசாப்புக்காரர்களின் மாடுகளை ஓட்டியும் இறைச்சி வண்டியை இழுத்தும் பிழைத்த நாய் இது. மாடு விற்ற பணத்தைப் பையில் போட்டு அதன் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். எவனும் கிட்ட வரமாட்டான். ரயில் வந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போனதும் அதற்கு வேலை போயிற்று, இனமே அருகிப்போய், பிறகு போலீஸ் வேலையில் சேர்ந்து பிழைத்தது. இந்த வரலாறு முழுவதையும், ரோமானியப் படையோடு ஆல்ப்ஸ் தாண்டி வந்த கதை உட்பட, அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அவருடைய தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சற்று யோசிப்பார். சீசருடைய கொள்ளுத்தாத்தா வாங்கிய கோப்பைகள் வரை மனப்பாடம். கென்னல் கிளப் சான்றிதழ், ரேஷன் கார்டை விடப் பத்திரமாக, லாக்கரில் இருக்கிறது.

மாடு ஓட்டப் பிறந்த அந்த வம்சக்கொழுந்து இப்போது இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியில், வாஷிங்மெஷினுக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில் கட்டிக் கிடக்கிறது. மே மாதத்துச் சென்னை வெயில், மேலே கறுப்புத் தோல். பகலெல்லாம் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுபவர்களைப் பார்த்துக் குரைக்கிறது. நானாக இருந்தால் கடித்தே இருப்பேன்.

சரி, இதைக் கையாள்வது யார் என்று பார்த்தால் அங்கேதான் வேடிக்கை. ஒண்ணும்செய்யாதாருக்கு முட்டிவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும், போட்டோ எடுக்கும் நேரம் வரை, சங்கிலி அவர் கையில் இருக்கும். மற்ற நாளில் அவர் மனைவி. அந்த அம்மாளின் எடை 48 கிலோ. யார் யாரை நடைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பது சீசர் பால்காரரைப் பார்த்த மறுநொடி தெரிந்துவிடும். அந்த அம்மாளின் ரப்பர் செருப்பு ஒருநாள் எங்கள் கேட்டருகேயும் அதன் ஜோடி இஸ்திரி வண்டிக்கு அப்பாலும் கிடந்தன.

நாய்க்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் அவர் பயிற்சியே கொடுக்கவில்லை என்று சொல்வது அபாண்டம். தெருவுக்கே கொடுத்திருக்கிறார். “ஓடாதீங்க, ஓடினா துரத்தும்.” “கண்ணைப் பார்க்காதீங்க.” “கையை ஆட்டாதீங்க.” “அப்படியே நில்லுங்க, மோந்து பார்த்துட்டுப் போயிடும்.” இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் நன்றாகப் பழகிவிட்டோம். அவர் தலை தெரிந்தால் நிற்கிறோம், உட்காரச் சொன்னால் உட்காருகிறோம், போகச் சொன்னால் போகிறோம். சீசர் ஒன்றுக்கும் மசிவதில்லை.

லிஃப்டில் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவன் மாட்டிக்கொண்டான். தரைத்தளத்தில் கதவு மூடப்போகும் நேரம் இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். பையன் கையில் பிரியாணிப் பொட்டலம். சீசர் ஒரே பார்வையில் சூழ்நிலையைப் புரிந்துகொண்டது. பையன் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். சீசர் பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களை அவன் தோளில் வைத்தது. “பயப்படாதே தம்பி. நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்” என்றார் ஒண்ணும்செய்யாதார். பையன் கண்ணை மூடிக்கொண்டு, “தெரிஞ்சிடுச்சு சார்” என்றான். இரண்டாம் மாடி வந்ததும் அவர் இறங்கி, நாயை இழுத்து, திரும்பிப் பார்த்துச் சொன்னது: “பாத்தியா, உன்னை அதுக்குப் பிடிச்சிருக்கு.” பொட்டலத்தின் அடிப்பக்கம் கிழிந்து லிஃப்ட் முழுக்கச் சோறு. டெலிவரி தாமதமானால் நட்சத்திரம் குறையும். நாய்க்குப் பிடித்துப்போனால் கூடுமா என்று அந்தப் பையனுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அவருடைய அகராதியில் சீசர் குரைத்தால் ‘பேசுது’. பாய்ந்தால் ‘விளையாடுது’. பல் பதிந்தால் ‘கடிக்கலை சார், பல்லு பட்டிருக்கு’. ரத்தம் வந்தால், ‘நீங்க என்ன செஞ்சீங்க?’ தண்ணீர் கேன் போடுபவரின் முழங்கைக்குக் கீழே ஒருமுறை பல்லு பட்டது. “ஊசியெல்லாம் போட்டிருக்கு, பயமில்லை” என்றார். நாய்க்குப் போட்ட ஊசி கடிபட்டவரை எப்படிக் காப்பாற்றும் என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழைக் காட்டுங்கள் என்று கீழ்வீட்டு வக்கீலம்மாதான் பிடித்தார். தேடி எடுத்த அட்டையில் குட்டியாக இருந்தபோது போட்ட டிஸ்டெம்பர் ஊசி பளிச்சென்று இருந்தது. ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசிக் கட்டம் காலி. தண்ணீர் கேன்காரரைக் குழாயடியில் உட்காரவைத்து, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவியவரும் வக்கீலம்மாதான். மஞ்சளோடு வந்த மூன்றாம் மாடிப் பாட்டியை அவர் தடுத்தது பெரிய சேவை. பிறகு அந்த மனிதர் அன்றும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தார். ஊசி இலவசம், போன அரைநாள் கூலிகள் இலவசம் இல்லை. ஒண்ணும்செய்யாதார் அவருக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அது நாய் பிஸ்கட் இல்லை என்று விசாரித்து உறுதிசெய்துகொண்டோம்.

இதையொட்டி நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. ஒண்ணும்செய்யாதார் கோப்போடு வந்தார். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் அவர் கையில். 23 வகை நாய்களை இறக்குமதி செய்யாதே, இனவிருத்தி செய்யாதே, விற்காதே என்ற கடிதம். பிட்புல், ராட்வீலரோடு துருக்கியின் கங்கால், ருஷ்யாவின் மாஸ்கோ காவல்நாய் என்று நம் ஊரில் நாய்ப் பைத்தியங்களே பார்த்திராத உருப்படிகளும் அதில் உண்டு. நடுவில் மொட்டையாக ‘டெரியர்கள்’ என்று ஒரு வரி. மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன உருவங்களும் அதில் அடக்கம். “இதைத்தான் கர்நாடகா ஹைகோர்ட்டு ஏப்ரல்லயே ரத்து பண்ணிடுச்சே! சம்பந்தப்பட்டவங்களைக் கலந்துக்கலைன்னு!” என்று மேசையைத் தட்டினார். உண்மைதான். மே மாதம் தமிழ்நாடு கால்நடைத் துறையும் அதே பட்டியலை வெளியிட்டுவிட்டு உடனே திரும்பப் பெற்றதும் உண்மைதான். நாடு முழுக்க வழக்குகளைப் பின்தொடர்ந்த மனிதர், சென்னை மாநகராட்சியில் 50 ரூபாய் கட்டிச் செல்லப்பிராணி உரிமம் எடுத்திருக்கவில்லை.

இனத்தைத் தடை செய்வதால் தீராது என்று அவர் சொன்னதில் எனக்கும் பாதிச் சம்மதம். பிரிட்டனில் 1991இல் நான்கு வகை நாய்களைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். பிறகு பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி என்ற ராட்சசன் தலையெடுத்தது. 2023 கடைசியில் அதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே. பொமரேனியன் கடித்தால் பேண்டேஜ், 50 கிலோ கடித்தால் ஆபரேஷன் தியேட்டர். குணம் வளர்ப்பில் இருக்கலாம். தாடை பிறப்பிலேயே வருகிறது. ‘நம்ம நாட்டு நாய்னா சாது’ என்று கூட்டத்தில் ஒருவர் தொடங்கியதையும் நான் ஒப்பவில்லை. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை போட்டது சாதுத்தனத்துக்காக இல்லை.

வக்கீலம்மா அலட்டிக்கொள்ளவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறிய ஐந்து வயதுப் பெண்குழந்தையை நினைவூட்டினார்; பூங்காக் காவலாளியின் மகள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்ததையும் சொன்னார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் வாட்ச்மேன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு மகள், காவலாளி அறையிலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறவள். பிறகு வக்கீலம்மா பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவை வாசித்தார்: வளர்க்கும் விலங்கால் ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒண்ணும்செய்யாதார் காதில் நடுவில் வந்த தொகை மட்டும் விழுந்தது. “ஐயாயிரம்தானே? சீசரோட ஒரு மாசச் சாப்பாடு.”

அந்தத் தெம்பு 2025 டிசம்பரில் ஆட்டம் கண்டது. பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிப் புதிதாக உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஏற்கெனவே உரிமம் உள்ளவை வெளியே வரும்போது சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. மறுநாள் காலை லிஃப்டில் பார்த்தபோது குரல் தணிந்திருந்தது. “உங்களுக்கு ஒண்ணு தெரியுமா சார்? இது ப்யூர் ராட்வீலர் இல்லை. க்ராஸ்தான். ஒரு பக்கம் நம்ம நாட்டு நாய்.” ரோமானியப் படையும் ஆல்ப்ஸும் கென்னல் கிளப் கோப்பைகளும் ஒரே ராத்திரியில் லாக்கரோடு போயின. சீசர் அவரை நிமிர்ந்து பார்த்தது. அதற்குத் தமிழ் புரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வாய்மூடி முன்பே வாங்கியிருந்தார். கூண்டு போன்ற நல்ல ரகம். மாட்டிக்கொண்டே நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுவாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். “பாவம், மூச்சு முட்டும்” என்று செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். அதற்குள் ஸ்கூட்டர் சாவியும் பழைய மின்கட்டண ரசீதுகளும் கிடக்கின்றன.

பெங்களூரில் பேரனுக்குக் காதுகுத்து என்று குடும்பத்தோடு போனபோது சீசரை வாட்ச்மேனிடம் ஒப்படைத்தார்கள். அவர் திருவண்ணாமலைப் பக்கம். ஊரில் ஆடும் மாடும் மேய்த்தவர். காலை ஐந்து மணிக்கே, தெருவில் ஆள் வருவதற்குள், சீசரைக் கூட்டிக்கொண்டு நீண்ட தூரம் நடந்தார். சங்கிலியை இரண்டு சுற்றாகக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே யாராவது வந்தால் அவரே ஓரமாக ஒதுங்கினார். வாய்மூடியை ஆணியிலிருந்து எடுத்து, உள்ளே கொஞ்சம் கோழி ஈரலைத் தடவிக் காட்டினார். சீசர் தானாக மூக்கை நுழைத்தது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு “உக்காரு” என்பார். உட்காரும்வரை தட்டு இறங்காது. குரலும் உயராது. ராட்வைல் கசாப்புக்காரர்கள் பார்த்திருந்தால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய ஒண்ணும்செய்யாதார், “சிட்! சீசர், சிட்! ஐ செட் சிட்!” என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சீசர் வால் இல்லாத பின்பக்கத்தை ஆட்டியபடி அவர் வேட்டியின் மேல் ஏறியது. வாட்ச்மேன் பெட்டியை இறக்கிக்கொண்டே, திரும்பாமல், “ஏய், உக்காரு” என்றார். உட்கார்ந்தது. “எவ்வளவு புத்திசாலி பாருங்க! எல்லாம் நான் சின்ன வயசுல சொல்லிக்கொடுத்தது” என்றார் எங்களிடம்.

மன்றத்தின் தீர்மானம் வருவதற்குச் சற்று முன்பே உரிமம் எடுத்தாயிற்று, தடுப்பூசிக் கட்டம் நிரம்பியாயிற்று, தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் ஏறியாயிற்று. உரிமமில்லாத நாய்க்கு அபராதம் 5,000 என்று அறிவிப்பு வந்த பிறகுதான் என்றாலும் வந்தவரை லாபம். கழுத்துப் பட்டையில் புதிதாகப் பித்தளை வில்லை ஒன்று மின்னியது. முன்பக்கம் ‘சீசர்’. பின்பக்கம் அவசரத்துக்கு ஒரு கைப்பேசி எண். அவருடைய எண் எனக்குத் தெரியும், இது அது இல்லை. வாட்ச்மேன் எண்.

“என் நம்பரைப் போட்டா அவ்வளவுதான் சார்” என்றார். “கண்டவனெல்லாம் கடிச்சிடுச்சு, கடிச்சிடுச்சுன்னு ராத்திரி பகல் பார்க்காம கூப்பிடுவான்.”