அடியில் கிடக்கும் நூல்

அறுபதுகளில் எங்கள் பிரம்மதேசத்தில் தூண்டில் நூலை யாரும் கடையில் வாங்கியதில்லை. பருத்தி நூலை மாமா முப்புரியாக முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்துவார். துவர் ஏறிய நூல் கறுத்து விறைப்பாக நிற்கும். மரக்காணம் கழிமுகத்துக்குப் போய்வந்த இரவே நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் இற்றுப்போகும். 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதிய சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் காலத்துத் துரைமார்களின் பட்டு நூலுக்கும் இதே கதிதான்.

மிச்ச நூலைப் பனைமட்டைத் துண்டில் சுற்றி மாமா இடுப்பில் செருகியிருப்பார். “கொடுவா மொதல்ல ஓடத்தான் செய்யும், மாப்ள. விடுறதுக்கு நூல் இருக்கணும்” என்பார்.

இன்று என் கையில் ஃப்ளை ரீல். இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரைக்கு எடையே கிடையாது. நூலின் எடைதான் அதைக் காற்றில் கொண்டுபோகிறது. அதனால் மேல் நூல் தடிமன், நீளம் ஏறக்குறைய 90 அடிதான். பெரிய கொடுவா ஒரே ஓட்டத்தில் அதை உருவிவிடும். அதற்குத்தான் அடியில் பேக்கிங் என்னும் மிச்ச நூல். உருளையைத் தடிப்பாக்கி மேல் நூலில் சுருள் விழாமல் காப்பதும் அதுவே.

மலிவாகக் கிடைக்கிறதென்று பேரன் நைலான் நரம்பைப் பேக்கிங்காகச் சுற்ற வந்தான். நான் விடவில்லை. மீன் இழுக்கும்போது நரம்பு நீளும். நீண்டபடியே சுற்றிக்கொண்டு, பிறகு சுருங்கி உருளையை நெரிக்கும். ஜெல்-ஸ்பன் என்னும் செயற்கை இழை மெல்லியது, நிறையக் கொள்ளும். ஆனால் இறுக்கிச் சுற்றாவிட்டால் மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து, மீன் ஓடும் நேரம் பார்த்துச் சிக்கும். விரல் பட்டால் அறுத்தும்விடும். எங்கள் கரைக்கு 8ஆம் நம்பர் நூலும், அடியில் 20 அல்லது 30 பவுண்டு டாக்ரான் நூலும் போதும்.

மேல் நூலில்தான் கஞ்சம் கூடாது. உதகைப் பக்கம் ட்ரௌட்டுக்கு வீசும் குளிர்நீர் நூல், உப்பு விளையும் எங்கள் சித்திரை வெயிலில் துவண்டு, பிசுபிசுத்து, கம்பின் வளையங்களில் ஒட்டும். வெப்ப நாட்டுக்கென்று விறைப்பான உள்நூல் வைத்துச் செய்ததை வாங்க வேண்டும்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. பருத்தி அறுந்து விழுந்தால் மக்கிப்போகும். நரம்பு லேசில் மக்காது. எங்கள் பக்கத்துக் கழுவெளி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இறங்கும் பூநாரையின் காலில் நம் நரம்பு சுற்றக் கூடாது. நாங்கள் கடற்கரையோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கேயும் அறுந்த துண்டு கண்ணில் பட்டால், யாருடையதானாலும், பேரன் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான்.