கலப்படம் கண்டுபிடிச்ச தம்பிக்கு

மேரு ரோட்டோரம் லோரியை நிறுத்திட்டு ஃபோனும் கையுமா நிக்கிறியே, என்னாடா தம்பி? டிப்ரென்ஷியல்ல எண்ணெய் கொறைஞ்சிடுச்சு, கையில இருக்கிற டின்னு வேற கம்பெனி. கலந்தா கெட்டுப்போயிடுமோன்னு பயம். அப்படித்தானே?

டின்னைத் திருப்பிப் பாரு. பழசும் ஜிஎல்-5, புதுசும் ஜிஎல்-5. ரெண்டும் 85டபிள்யூ-140. அப்புறம் என்னா பஞ்சாயத்து? ஊத்துலா. டின்னுல ஒட்டுன படம் உள்ள போயி சண்டை போடாது. சாதா எண்ணெயும் சிந்தெட்டிக்கும்கூட பெரும்பாலும் ஒத்துப்போயிடும். சிந்தெட்டிக்குக் குடுத்த கூடுதல் வெள்ளிதான் தண்டம். பாலிகிளைக்கால் வகை மட்டும் சேராது, அதை ஒதுக்கி வை.

அந்த டபிள்யூ இருக்கே, பனிக்காலத்துக்குப் போட்ட எழுத்து. 85டபிள்யூன்னா சுழியத்துக்குக் கீழ 12 டிகிரியிலயும் எண்ணெய் கட்டிப்போகக் கூடாதுன்னு கணக்கு. கிள்ளான்ல என்னைக்குடா பனி பேஞ்சுச்சு? 75 ஒசத்தியா 85 ஒசத்தியான்னு காப்பிக்கடையில ராத்திரி பூரா வாதம்! நமக்கு வேண்டியது பின்னால இருக்கிற நம்பர். அது 100 டிகிரி சூட்டுல பார்த்த கெட்டி.

பயப்பட வேண்டிய கலப்பு வேற இருக்கு. கியர்பாக்ஸுக்கு வச்ச ஜிஎல்-4 டின்னை இதுல கவுக்காதே. கிரவுனும் பினியனும் சும்மா உருளாது, வழுக்கி உரசும். அந்த அழுத்தம் தாங்கத்தான் ஜிஎல்-5ல கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலா சேர்த்திருக்கான். டின்னைத் தொறந்தா வர்ற நாத்தம் அதாலதான். அதே மருந்து கியர்பாக்ஸ் உள்ள இருக்கிற பித்தளை வளையத்தை அரிச்சாலும் அரிக்கும். ஒரே டின்னுல ரெண்டு வேலை பார்க்கிற கெட்டிக்காரத்தனம் வேணாம்.

அதைவிடப் பெரிய கலப்பு, தண்ணி. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முங்கிச்சே, எத்தனை வண்டி அச்சு முங்கக் கெடந்துச்சு? சூடா ஓடிவந்த அச்சு வெள்ளத்துல எறங்குனா உள்ள காத்து சுருங்கும். மூச்சுக்குழாய் வழியா, சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். எண்ணெய் தே தாரிக் நெறத்துக்கு வந்துடும். அதை வடிக்காம, மேல ஒசந்த கம்பெனி எண்ணெயா ஊத்தி நெறைச்சா? துருவுக்குக் கம்பெனி பேரு படிக்கத் தெரியுமா?

இன்னொன்னு கேக்கிறேன். கொறைஞ்ச எண்ணெய் எங்கடா போச்சு? வண்டி குடிச்சிடுச்சா? பினியன் சீலைத் தடவிப் பார்த்தியா? மூச்சுக்குழாயில சேறு அடைச்சிருந்தா, சூட்டுல அழுத்தம் ஏறி சீல் வழியா ஒழுகும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா புஸ்பாகோம் சோதனைக்குப் போறப்ப மட்டும் ஒழுகலைத் தொடைச்சு மறைக்க நல்லாத் தெரியுது!

சரி, மொத்தமா மாத்தப் போறியா? ஊத்துற நட்டை முதல்ல கழட்டு. கீழ வடிச்சு முடிச்சப்புறம் மேல நட்டு நகரலைன்னு போமனுக்கு ஃபோன் அடிக்கிற வீராதிவீரனுங்க போர்ட் கிள்ளான்ல நெறைய பேரு. சமதரையில நிறுத்தி, ஓட்டை விளிம்பு வரைக்கும் ஊத்து. கீழ் நட்டுல காந்தம் இருந்தா அதையும் பாரு. நைசா பொடி ஒட்டியிருந்தா தொடைச்சுட்டுப் போ. பல்லுத் துண்டு ஒட்டியிருந்தா அப்பக் கூப்பிடு போமனை. எந்தக் கம்பெனி எண்ணெய்னு அவன் கேக்கமாட்டான், எத்தனை நாளா சத்தம் வருதுன்னுதான் கேப்பான்.