மௌஸ் பிடித்த மார்ஷல்

பகலில் நம் மார்ஷல் அரைநாள் லீவு கேட்கவே மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நாள் குறிக்கும் சாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் முப்பது லட்சம் வீரர்களின் தலைவிதி அவர் கையில். கணினிப் போர் ஆடும் இவரை, கண்டதையும் சுட்டுத்தள்ளும் பையன்களோடு சேர்த்துவிடாதீர்கள், கோபம் வரும். இவர் ஆடுவது கேரி கிரிக்ஸ்பியின் 'வார் இன் தி ஈஸ்ட்'. 1941 ஜூன் 22-இல் ஜெர்மனி சோவியத் மண்ணில் நுழைவதில் தொடங்கும். அறுகோணக் கட்டங்கள், ஒரு சுற்று முடிந்தால் ஒரு வாரம் போனதாகக் கணக்கு. வெடிச் சத்தத்தைவிடக் கூட்டல் கழித்தல்தான் அதிகம்.

இவருடைய புத்தக அலமாரி, வாங்கிய அடிகளின் வரிசையில் அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புத்தகம்.

மேல்தட்டில் ஜெர்மானிய ஜெனரல்களின் நினைவுக் குறிப்புகள்: குடேரியன், மான்ஸ்டைன். இவற்றைப் படித்தால், ஜெயித்ததெல்லாம் ஜெனரல்கள், தோற்றதெல்லாம் ஹிட்லர் என்று தோன்றும். மார்ஷலுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் ஆட்டத்தில் உத்தரவு போட்டவர் இவர் ஒருவர்தான். அப்படியிருந்தும் படை மாஸ்கோவுக்கு வெளியே பனியில் நின்றுவிட்டது. பழிபோட ஆளில்லாதவர் அடுத்த புத்தகம் தேடினார்.

கிடைத்தது, டேவிட் கிளான்ட்ஸும் ஜோனதன் ஹவுஸும் 1995-இல் எழுதிய 'வென் டைட்டன்ஸ் கிளாஷ்டு'. சோவியத் பக்கத்து ஆவணங்களைத் துருவி அதே போரை எதிர்த்தரப்பிலிருந்து சொல்வது. அழித்த டிவிஷன்களுக்குப் பதிலாகப் புதியவை முளைத்துக்கொண்டே இருந்த கதையைப் படித்ததும் எனக்குப் போன் வந்தது: "சார், கம்ப்யூட்டர் ஏமாத்துதுன்னு நெனச்சேன். நிஜத்துலயே ஸ்டாலின் அனுப்பியிருக்கான் சார்!"

அடுத்து மார்ட்டின் வான் கிரெவெல்டின் 'சப்ளையிங் வார்' (1977). டாங்கி ஓடுகிற வேகத்தில் படை போகாது, பின்னால் சரக்கு வருகிற வேகத்தில்தான் போகும் என்பது அதில் அவர் பிடித்துக்கொண்ட பாடம். சோவியத் தண்டவாளம் ஜெர்மானியத் தண்டவாளத்தைவிட சுமார் 9 செ.மீ. அகலம், மாற்றிப் பதிக்காமல் ஜெர்மன் ரயில் ஓடாது. அன்றுமுதல் மார்ஷல் சண்டையை மறந்து ரயில்வே காண்டிராக்டர் ஆனார்.

"மணி ரெண்டாகுதுங்க, இன்னும் என்ன?"

"மின்ஸ்க் வரைக்கும் லைன் போட்டாச்சு. ஸ்மோலென்ஸ்க்கும் முடிச்சுட்டு வந்துடறேன்."

"அப்படியே அந்த ரயில்ல நம்ம கேஸ் சிலிண்டரும் வருதான்னு பாருங்க. நீங்க புக் பண்ணவே இல்ல."

புத்தகம் வாங்கும்போது அவர் முன்னுரையைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்னிணைப்புக்குப் போவார். எந்த ராணுவத்தின்கீழ் எந்தக் கோர், எந்த டிவிஷன் என்ற பட்டியல் இருக்கிறதா? வரைபடத்தில் ஊரோடு ஆறும் சாலையும் இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஆசிரியரானாலும் திரும்ப ஷெல்ஃபுக்குத்தான்.

ஜான் கீகனின் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' நான் கொடுத்தது. அஜின்கூர், வாட்டர்லூ, சோம் ஆகிய மூன்று களங்களில் சாதாரணச் சிப்பாய் பட்ட பாட்டைச் சொல்லும் நூல். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்ல புக்தான் சார். ஆனா இதைப் படிச்சா கட்டத்துக்குள்ள இருக்கறது ஆளுங்கன்னு ஞாபகம் வந்துடுது. அப்புறம் எப்படி நகர்த்தறது?"

இப்போது பசிபிக் பக்கம் போயிருக்கிறார். கையில் ஜோனதன் பார்ஷலும் ஆன்டனி டல்லியும் எழுதிய 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்' (2005), மிட்வே கடற்போர் பற்றியது. போரை ஒட்டி ஒரு கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். 1942 மே மாதம் 'யமாட்டோ' கப்பலில் ஜப்பானியர் மேசைமேல் ஒத்திகை பார்த்தார்கள். பகடை உருட்டியதில் எதிரி குண்டுகள் ஒன்பது விழுந்து, 'அகாகி', 'காகா' என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. ஒத்திகையை நடத்திய உகாகி ஒன்பதை மூன்றாக்கி 'அகாகி'யைக் காப்பாற்றினார். 'காகா'வும் அடுத்த கட்டத்துக்குள் உயிர்த்தெழுந்தது. ஜூனில் நிஜமாகவே இரண்டும் மூழ்கின.

"எவ்வளவு பெரிய அழுகுணி ஆட்டம் பாத்தீங்களா!" என்றவர், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவருடைய 'அகாகி' எரிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் ஆட்டத்தை மூடி, முன்பு சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி திறந்தார்.

"இதைத்தானே உகாகியும்…"

"அது வேற சார். நான் சும்மா விளையாட்டுலதானே பண்றேன்!"

அவரும் விளையாட்டில்தான் பண்ணினார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் 'அகாகி' மிதக்கத் தொடங்கியிருந்தது.