இசுசு அண்ணன்

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர். எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. "இசுசு அண்ணன் வீடு எதுங்க?" என்று கேட்டால் பால்காரர், "சத்தம் வர்ற பக்கமா போங்க" என்பார்.

அப்பா வாங்கிய மார்க் 3 அம்பாசடர் அவருடையது. 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று அண்ணன் ஒருநாள் கணக்குப் போட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. பின்னால் வந்த அம்பாசடர்களில் கம்பெனியே 1,995 சி.சி. இசுசு டீசல் இன்ஜினை வைத்து விற்றதே, அதை இதில் வைத்தால் என்ன? புதுப்பேட்டைக்குப் போய், உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து ஒன்றைப் பேரம் பேசி லாரியில் ஏற்றிவிட்டார்.

"நாலு போல்ட்டுங்க தம்பி. கழட்டி மாட்டுனா முடிஞ்சுது" என்றார் என்னிடம்.

அந்த நாலு போல்ட்டுக்கு எட்டு மாதம் ஆயிற்று. கூடவே வந்த கியர்பாக்ஸில் ஐந்து கியர்; தடி தரையில் நிற்கும். பழைய கியரோ ஸ்டீயரிங்குக்குக் கீழே. ஆகவே தரையை வெட்டினார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அளவு பொருந்தவில்லை; லேத் பட்டறைக்குப் போனது. மிச்சமாகும் டீசல் டாங்கிக்குத் திரும்பிப்போக ரிட்டர்ன் லைன் வேண்டும். டாங்கியில் ஓட்டை போட்டார்கள். எல்லாம் முடிந்து வண்டியை இறக்கினால், டீசல் இன்ஜினின் கனத்தில் மார்க் 3 அம்பாசடர், மூன்று மார்க் வாங்கிய பையன் போல முன்பக்கம் தலைகுனிந்து நின்றது. முன்னால் டார்ஷன் பாரை முறுக்கி நிமிர்த்தியதும் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். பெட்ரோல் என்பதை டீசலாக்கி, இன்ஜின் நம்பரை மாற்றி ஏற்ற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இன்றைக்கு அவருக்குக் கந்த சஷ்டி கவசத்துக்கு அடுத்தபடி மனப்பாடம்.

வேலை முடிந்த வருஷம் 2014. அந்த மே மாதம்தான் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டது. அம்பாசடரும் போயிற்று, மலிவு டீசலும் போயிற்று. இரண்டையும் கூட்டிவைத்து மாலை போட்டவர் அண்ணன் ஒருவர்தான்.

"இப்ப எவ்வளவு குடுக்குதுங்ணா?"

"பதினாலுங்க! இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுனா போட்ட காசு வந்துரும்."

வண்டி ஓடுவதோ டீக்கடை வரைக்கும்.

பங்க்கில் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, "டீசல்! டீசல்!" என்று கத்துவார். பையன் பழக்கதோஷத்தில் பெட்ரோலைப் போட்டுவிடுவானோ என்ற பயம் பாதி. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்ற ஆசை பாதி. சாவியைத் திருப்பி ஹீட்டர் பிளக் சூடாகக் காத்திருக்கும் நொடிகளில், கர்ப்பக்கிருகத் திரை விலகப்போவதுபோல முகத்தில் ஒரு பரவசம்.

கல்யாண வீடுகளில் அவர் மண்டபத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வாசலில் பானெட் திறந்திருக்கும்; சுற்றிலும் வேட்டிகள். கெட்டிமேளம் கேட்டால் அட்சதையை பானெட்டுக்கு மேலேயே தூவிவிடுவார். இன்ஜினுக்கும் சேர்த்து நாலைந்து தடவை ஆசீர்வாதம் ஆகியிருக்கும்.

போன மாதம் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றுக்கு வண்டியைத் துடைத்துக் கொண்டுபோனார். நடுவர் பானெட்டைத் திறந்தார், மூடினார்.

"ஒரிஜினல் இன்ஜின் எங்கீங்க?"

ஆண்டுக்கணக்கில் எல்லாரும் பானெட்டைத் திறந்ததும் வாயையும் திறந்தவர்கள். அண்ணன் அன்று பேசாமல் வீடு திரும்பினார்.

ஒரிஜினல் இன்ஜின் எங்கும் போகவில்லை. திண்ணையில் கோணிச்சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. நான் போனபோது அண்ணன் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சாக்கின் ஒரு முனையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி... நாலு போல்ட்டுதானுங்க."

உள்ளேயிருந்து அக்கா வேகமாக வந்தார். ஒரு தாம்பாளம் நிறைய ஈர வடகத்தைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

அண்ணன் வடகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"காய நாலு நாள் ஆகுமுங்களா?" என்று கேட்டார்.