லாரி வராத ரோடு

எரிமலையாம். பெரம்பலூர் பக்கம் இருக்கும் காரை கிராமத்தைப் பார்த்து எரிமலை என்று சொல்லிவிட்டான்.

"செம மாமா, அப்படியே வோல்கானிக்கா இருக்கு" என்றான் என் அக்கா மகன், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது, எனக்கு இன்னும் ஆறவில்லை. அடேய், இந்தப் பள்ளமும் மேடும் நெருப்பு போட்டதில்லை, கடல் போட்டது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதன் அடிமண்ணைத்தான் மழை அரித்து அரித்து வெளியே காட்டியிருக்கிறது. காலடியில் மின்னுவது ஜிப்சம். குனிந்து தேடினால் அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுப் பிராணி கல்லாகக் கிடக்கும். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே தலைப்பு வேறு: 'பெரம்பலூர் எரிமலை. டிராஃபிக் ஜீரோ.'

அவனை மட்டும் சொல்லி என்ன? நாம் எல்லோருமே அப்படித்தான். ஏற்காட்டில் கூட்டம் என்று கொல்லிமலை போவோம். அங்கே கூட்டம் என்று பச்சைமலை போவோம். அங்கேயும் கூட்டமில்லாத இடம் தேடி வந்த இன்னொரு கூட்டம் அருவிக்குக் கீழே பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருக்கும். அவர்களைப் பார்த்து, "இங்கயும் வந்துட்டானுங்க" என்று முணுமுணுப்போம். நம்மைப் பார்த்து அவர்களும் அதையேதான் முணுமுணுத்திருப்பார்கள்.

இவனுக்கு இந்த வியாதி ஸ்பெயினில் தொற்றியது. பெங்களூர் கம்பெனி வேலையாக பார்சிலோனா அனுப்பியது. லீவு நாளில் இவன் அங்கிருந்து கரோட்சா என்கிற எரிமலைப் பிரதேசத்துக்குப் போயிருக்கிறான். அணைந்துபோன எரிமலைகள் நாற்பது போல இருக்கிறதாம், மேலெல்லாம் காடு. ஓலோட் என்ற ஊரிலிருந்து கிரோனா வரைக்கும் ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கிறது. 1969-ல் அதை நிறுத்திவிட்டு, தண்டவாளம் போன வழியைச் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பொடிக்கல் பாதை, பெரும்பகுதியில் ஒரு வண்டி குறுக்கே வராது. "நம்ம ஊர்ல ஏன் மாமா இப்படிப் பண்ண மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான். பழைய ரயில் பாதையில் சைக்கிள் விட வேண்டுமானால் முதலில் ரயில் வந்திருக்க வேண்டும். பெரம்பலூர் 1995-லேயே மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது, ரயில்தான் இன்னும் வரவில்லை. ரயிலேற நாங்கள் அரியலூருக்கு பஸ் ஏறுகிற ஜனங்கள்.

வீட்டு வாசலில் அவனும் நண்பர்கள் இருவரும் இறக்கிய சைக்கிள்களின் விலையை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. கரடுமுரடுப் பாதைக்கென்றே தனியாகச் செய்ததாம், டயர் அகலமாம். எனக்கும் ஒரு பஞ்சு வைத்த அரைக்கால் டவுசர் வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டு மேலே வேட்டி கட்டிக்கொண்டேன். ஊரில் மானம் என்று ஒன்று இருக்கிறது. என் வண்டி கேரியர் வைத்த பழைய ஹெர்குலஸ்.

இனிமேல் யாரும் என் வாசலில் வந்து நின்று கேட்கக் கூடாது என்பதற்காக, பெரம்பலூர், அரியலூர் பக்கம் லாரி வராத இரண்டு ரூட்டுகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரூட், ஆலத்தூர் கேட்டிலிருந்து உள்ளே திரும்பி காரை, கொளக்காநத்தம், அப்படியே சாத்தனூர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. ரோட்டில் வண்டி குறைவு. ஆனால் எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பது முக்கியம். மாசியில் வந்தீர்களானால் அங்கே ரோடு இருக்காது.

ரோடு களமாகியிருக்கும். மக்காச்சோளம் எங்கள் மாவட்டத்தின் உயிர். அறுவடை முடிந்ததும் அது முழுக்கத் தார் ரோட்டில் வந்து படுத்துவிடும். முதலில் கல் வரும், முழங்கால் உயரக் கல், வரிசையாக. கல்லுக்குப் பிறகு முள் கிளை. முள் கிளைக்குப் பிறகு கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் கவிழ்த்த குடம், குடத்துக்கு மேல் ஒரு சிவப்புத் துணி. நெடுஞ்சாலைத் துறை வைத்த பலகையை ஏறெடுத்தும் பார்க்காத டிரைவர், இந்த நாற்காலிக்கு மட்டும் கட்டுப்பட்டு ஒதுங்கிப் போவார். சோளம் இடது பாதியில் கிடந்தால் போகிறவர், வருகிறவர் எல்லோருக்கும் வலது பாதிதான். இரண்டு பக்கமும் கிடந்தால் நடுவில் ஒரு கோடு விட்டிருப்பார்கள், அதில் கோழிக்கு முன்னுரிமை. சாயங்காலம் பலகையால் இழுத்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். கறுப்புத் தார்ப்பாய், கறுப்பு ரோடு, தெருவிளக்கு கிடையாது. இருட்டில் வருகிறவனுக்கு மூட்டைமேல் ஏறி விழும் பாக்கியம் உண்டு. ரோட்டில் தானியம் காயப்போடக் கூடாது என்று வருஷா வருஷம் அதிகாரிகள் எச்சரிப்பார்கள். எச்சரிக்கிற ஜீப்பும் நாற்காலியைச் சுற்றித்தான் போகும்.

களம் இல்லையா என்றால், பஞ்சாயத்துக் களம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் தண்ணீர் டேங்கர் நிற்கும், இன்னொரு பக்கம் யாரோ வாங்கி நிறுத்திய கார், நடுவில் காதுகுத்துப் பந்தல். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வியாபாரி உதட்டைப் பிதுக்கி விலையைக் குறைப்பான். தார் ரோட்டுச் சூடு அவன் வாயை அடைக்கும். வேறு எங்கே போய்க் காயப்போடுவார்கள்? கேட்கிறேன், எங்கே?

சோளமாவது ஒதுங்கிப் போகச் சொல்லும். உளுந்து அப்படியில்லை, மேலே ஏறு என்று சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செடியோடு பிடுங்கி ரோட்டின் அகலம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் முக்காட்டோடு ஓர் ஆயா. என் மருமகன் பயபக்தியோடு இறங்கி, "தள்ளிக்கிட்டுப் போயிடறோம் ஆயா" என்றான்.

"ஏன்? ஏறிப் போ."

ஏறிப் போனோம். ஆயா குனிந்து ஒரு செடியை எடுத்து உதறிப் பார்த்தாள்.

"ஒண்ணும் உதிரலியே. காலையிலேர்ந்து ஒத்த பஸ்ஸு போயிருக்கு. மினி பஸ்ஸு வரல. டிராக்டர்காரன் கல்யாணத்துக்குப் போயிட்டான். ஒரு லாரி வந்தா தேவல. நீங்க என்னடான்னா..." என்று சைக்கிளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று சைக்கிள்களின் விலையும் கரைந்துபோனது. "சும்மாதானே சுத்துறீங்க, நாலு தடவ போயிட்டு வாங்க."

மறுக்க முடியுமா? போனோம், வந்தோம், போனோம். அந்தக் கட்டத்தில் என் ஹெர்குலஸுக்குத்தான் மரியாதை, கனம் அதிகம். என்னையும் சேர்த்து. நண்பன் ஒருவனின் பின்சக்கரப் பல்லில் உளுந்துக்கொடி சுற்றிக்கொண்டது. அவன் கைக்கடிகாரம் இத்தனையையும் தீவிரப் பயிற்சி என்று கணக்கெழுதிப் பாராட்டியது.

லாரி இல்லாத ரோடு வேண்டும் என்று ஸ்பெயின் வரை போய் வந்தவன் அங்கே இருக்கிறான். லாரி வரவில்லையே என்று வெயிலில் உட்கார்ந்திருப்பவள் இங்கே இருக்கிறாள். லாரிக்கு எங்களிடம் பஞ்சமா? அரியலூர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சிமென்ட் ஆலைகளுக்கு. ரோட்டோரத்து வேப்பிலையெல்லாம் வெளுத்திருக்கும். அதுவும் அந்தப் பழைய கடலின் வேலைதான். அன்றைக்கு அது அடியில் சேர்த்து வைத்த சுண்ணாம்புதான் இன்றைக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு நம்மேல் ஏற வருகிறது. விபத்து, மறியல், பேச்சுவார்த்தை, மறுபடி விபத்து என்று ஊர் களைத்துவிட்டது. எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் குழைத்துத்தான் ரோமாபுரிக்காரர்கள் காங்கிரீட் போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். சாம்பல் பூசிய ரோடுதான் வேண்டும் என்றால் மருமகனே, அரியலூருக்குப் போ. வீடு திரும்பும்போது நீயே சிலையாகியிருப்பாய்.

இரண்டாவது ரூட் கரைவெட்டி ஏரிக்கரை. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம், புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர். கரைமேல் மண் பாதை, லாரி ஏறாது. அதற்குள் போவதற்கு முன் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சீமைக்கருவேல முள். சாத்தனூர் தாண்டி, 'இந்த மண் ரோடு ஷார்ட் கட்' என்று மருமகனின் செல்போன் சொன்னது. அங்கே மூன்று சைக்கிளும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தன. டயருக்குள் டியூப் கிடையாதாம், வெள்ளையாக ஒரு பால் ஊற்றியிருக்கிறதாம், ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். பால் ரோட்டில் ஓடியது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "டியூபே இல்லியே தம்பி, எதுல ஒட்டுறது?" என்றார். ஹெர்குலஸுக்கும் முள் குத்தியிருந்தது. அதற்குப் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நன்றாகத் தெரிகிற மாதிரி மணியடித்துப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு குட்டியானை கிடைத்தது, ஏற்கெனவே பாதி சோள மூட்டை. சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு மூட்டை வாடகை என்றார் டிரைவர். மூட்டைமேல் உட்கார்ந்து வந்த வழியே திரும்பினோம். ஆயா இன்னும் அங்கேயே இருந்தாள். வண்டி உளுந்தின் மேல் ஏறியதும் சடசடவென்று சத்தம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இப்பதான்யா உருப்படியா வந்திருக்கீங்க" என்றாள்.

டிரைவர் அவளுக்காக ரிவர்ஸ் எடுத்து இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினார். அந்த டீசலையும் சேர்த்துத்தான் என்னிடம் வாங்கினார்.