ராஜாவே டிசைனர்

தையலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. துணியில் கத்தரி படுவதற்குள் சபதம் போட்டுவிடுவார்கள். இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் அது வந்தது. 1666 அக்டோபர் 7 அன்று தன் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலில், தான் ஒரு புது உடுப்பு கொண்டுவரப் போவதாகவும், அதை ஒருக்காலும் மாற்றப் போவதில்லை என்றும் அறிவித்தார். உடுப்பின் பெயர் வெஸ்ட்.

நாடு அப்போது இருந்த இருப்பையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய வருஷம் பிளேக் வந்து லண்டனைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருந்தது. ஒரு பக்கம் ஹாலந்தோடு சண்டை, இன்னொரு பக்கம் பிரான்ஸோடு. செப்டம்பர் 2 அன்று புட்டிங் லேன் ரொட்டிக்கடையில் பிடித்த தீ பழைய நகரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் அணைந்தது. அதில் ராஜாவின் துணிமணிகளைக் கவனிக்கும் வார்ட்ரோப் ஆபீஸும் போயிற்று. துணி ஆபீஸ் சாம்பலாகி ஒரு மாதம் கழித்துத்தான் மன்னருக்குத் துணி ஞானம் பிறந்தது.

காரணம் இல்லாமலும் இல்லை. பிரான்ஸோடு சண்டை போட்டுக்கொண்டே பிரெஞ்சு ரிப்பன் கட்டித் திரிந்தது அரசவை. பணமெல்லாம் எதிரி ஊருக்குப் போனது. உள்ளூர்க் கம்பளி விற்க வேண்டுமே! செத்தவர்களைக் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று ஒரு சட்டமே போட்டார்கள். அதற்கும் 1666 என்றுதான் தேதி. பிணம் எதிர்த்துப் பேசாது. பிரபுக்கள் பேசுவார்கள். எனவே ராஜாவே மாடலாக நிற்கவேண்டியதாயிற்று.

அதுவரை ஆண்கள் போட்டுக்கொண்டிருந்த கால்சட்டையின் அகலத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடற்படை ஆபீஸ் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில் 1661 ஏப்ரலில் ஒரு சங்கதி எழுதிவைத்திருக்கிறார். டவுன்செண்ட் என்பவர் இரண்டு காலையும் ஒரே கால்குழாய்க்குள் விட்டுக்கொண்டு, தெரியாமலே நாள் முழுக்க நடமாடினாராம். அவர் எந்த ஆபீஸ் ஆள் தெரியுமா? வார்ட்ரோப்! ராஜாவின் உடுப்புக்கே பொறுப்பானவர் கதை இது. பிறகு ராஜாவே கத்தரியைத் தூக்காமல் என்ன செய்வார்?

தவிர, பொருந்தாத உடுப்பின் கஷ்டம் சார்லஸுக்கு அத்துப்படி. 1651இல் வொர்ஸ்டர் போரில் தோற்று, கிராமத்தான் வேஷம் போட்டு ஓடினார். ஆள் ஆறடிக்கு மேல். அவர் காலுக்கு ஏற்ற ஜோடு அகப்படவில்லை. கிடைத்த சின்ன ஜோட்டைக் கீறிப் பெரிதாக்கி மாட்டியும் கால் புண்ணாகிப் போனது.

அக்டோபர் 15 அரங்கேற்றம். உடம்பை ஒட்டிய நீளமான கருப்பு அங்கி. அதில் சின்னச் சின்னக் கீறல்கள். கீறல் வழியே எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பட்டு. அதன்மேல் ஒரு கோட்டு. காலில் சுருக்குச் சுருக்காகக் கருப்பு ரிப்பன். புறாவின் கால் போல இருந்தது என்கிறார் பீப்ஸ். ஆனால் மொத்தத்தில் உடுப்பு அழகுதான், ராஜா இதை விடாமலிருந்தால் தேவலை என்றும் எழுதுகிறார். பீப்ஸின் அப்பா தையற்காரர். எனவே இந்தச் சான்றிதழை லேசில் தள்ளிவிட முடியாது.

ஜான் ஈவ்லின் என்ற கனவான் இதைப் பாரசீக பாணி என்று கொண்டாடினார். பிரெஞ்சு மோகத்தைத் திட்டி 1661இலேயே ஒரு சிறு நூல் எழுதி ராஜா கையில் கொடுத்தவர் அவர். என்னால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன், ஆனாலும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை என்கிற தோரணையில் டைரியில் குறித்துக்கொண்டார். தன்னடக்கத்தில் இது ஒரு தனி ரகம்.

பிரபுக்களுக்கு ராஜாவைத் தெரியும். காதலிகள் விஷயத்தில் மனிதர் எவ்வளவு உறுதியானவர் என்று கிட்டே இருந்து பார்த்தவர்கள். இந்த உடுப்பில் நிலைத்திருக்கமாட்டார் என்று பந்தயமே கட்டினார்கள், அதுவும் ராஜாவிடமே.

17ஆம் தேதி அரண்மனை முழுக்க வெஸ்ட் மயம். அத்தனை பேரையும் ஒருசேரப் பார்த்த சார்லஸுக்குத் திக்கென்றது. கருப்பும் வெள்ளையும் சேர்ந்து எல்லாரும் மேக்பை பறவைகளாகத் தெரிகிறார்களே! உடனே கீறல் இல்லாத வெறும் வெல்வெட்டில் தனக்கு வேறொன்று தைக்கச் சொன்னார். அரங்கேறி இரண்டே நாளில் ஆல்ட்ரேஷன். தையற்காரர்கள் வாய் திறந்திருக்கமாட்டார்கள். கூலி இரண்டு முறை.

நவம்பர் 4 அன்று பீப்ஸுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. வெள்ளிப் பிடி போட்ட வாளும் கூடவே. போட்டுப் பார்த்தார், தன்னைத் தனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. மனைவிக்கும் பிடித்ததாம். எழுதினவர் கணவர்தான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதம் 22ஆம் தேதி பாரிஸ் சேதி பீப்ஸ் காதுக்கு எட்டியது. பதினான்காம் லூயி தன் எடுபிடி ஆட்களுக்கெல்லாம் வெஸ்ட் மாட்டிவிட்டாராம். மெய்யோ பொய்யோ, எதிரி வீட்டு வேலைக்காரன் யூனிஃபார்மை உங்கள் ராஜா போட்டிருக்கிறார் என்று ஆகிவிட்டால் எந்தப் பிரபு அதில் கை நுழைப்பான்?

கொஞ்ச காலத்தில் அரசவை பிரெஞ்சு பாணிக்கே திரும்பியது. வெஸ்ட் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. கோட்டுக்குள் ஒதுங்கி, நீளத்தில் பாதியையும் இரண்டு கையையும் பறிகொடுத்து, திரீ பீஸ் சூட்டின் நடுப் பீஸாக நம் ஊர் ரிசப்ஷன் மேடை வரை வந்து, மே மாதத்து மாப்பிள்ளைகளை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.