லீவு விட்டுக் கெட்ட துரைமார்

ஜமைக்காவின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. கொஞ்சம் அநியாயம். விடிவதற்கு முன் சங்கு ஊதி எழுப்புவார்கள், சாட்டையால் குறை தீர்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்து, அன்றைக்கு அவரவர் வயிற்றுக்கு அவரவரே பயிர் செய்துகொள்ளச் சொல்வார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முழுசாக மூன்று நாள் லீவு விடுவார்களே, அதை யாரும் பாராட்டுவதில்லை. கடைசியில் அந்த மூன்று நாள்தான் அவர்கள் தலையில் மண்ணைப் போட்டது.

லீவு விட்ட பிறகு துரைமார் நிம்மதியாகத் தூங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. தீவில் அடிமைகள் சுமார் மூன்று லட்சம். வெள்ளைக்காரர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். பண்டிகை நெருங்கினாலே வயிற்றில் புளி கரையும். பல வருஷங்களில் ராணுவச் சட்டமே போட்டு, முதலாளிகளே துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஏசு பிறப்புக்குக் காவல் நின்றார்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு நடுவே தெருவில் ஆடிக்கொண்டு வந்ததுதான் ஜான்கனூ என்ற முகமூடி ஆட்டம். 1774-இல் ஜமைக்கா வரலாற்றை மூன்று பாகம் எழுதிய எட்வர்ட் லாங் இதைப் பார்த்திருக்கிறார். கறுப்பர்களை மனிதர் என்று ஒப்புக்கொள்ளவே மனசு வராத ஆசாமி. வேடிக்கை பார்ப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. தலையில் மாட்டுக் கொம்பு, முகமூடியின் வாயோரத்தில் பன்றித் தந்தம், கையில் மரக்கத்தி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்டம். பின்னாலேயே ஒரு பெண்கள் கூட்டம் சோம்புச் சாராயத்தை ஊற்றி ஊற்றித் தெம்பேற்றுகிறது.

யார் இந்த ஜான் கனூ? இன்றைய கானாவின் கடற்கரையில் இருந்த ஜான் கானி என்ற வியாபாரிப் பெருந்தலைதான் என்பது லாங்கின் கணிப்பு. அந்த ஊரில் பிரஷ்யா மன்னருக்கு ஒரு கோட்டை இருந்தது. கட்டுப்படி ஆகவில்லை என்று 1717-இல் அதை டச்சுக்காரர்களுக்கு விற்றுவிட்டார். சாவி வாங்க வந்த டச்சுக்காரர்களைக் கானி உள்ளேயே விடவில்லை. 1724 வரை, குடியிருந்தவனைக் காலி பண்ண முடியாத வீட்டுக்காரர் கதைதான். கானியும் ஆட்களை விற்றுப் பிழைத்தவர்தான். ஆனாலும் வெள்ளைக்காரனை வாசலிலேயே நிறுத்தியவர் பெயரை வெள்ளைக்காரன் வாசலில் நின்று கத்துவதில் ஒரு சுகம் இருந்திருக்கும். லாங்கின் கணிப்பை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. எனக்கு ஏற்றுக்கொள்ளத்தான் ஆசை.

1816 ஜனவரி 1 அன்று, பரம்பரைத் தோட்டங்களைப் பார்வையிட பிளாக் ரிவர் துறைமுகத்தில் வந்து இறங்கினார் மாத்யூ லூயிஸ். இங்கிலாந்தில் பேய்க் கதை எழுதிப் பேர் வாங்கியவர். அவரை எதிர்கொண்டது அட்டையில் செய்த படகு வீட்டைத் தலையில் சுமந்து குதிக்கும் ஒரு ஜான் கனூ. கூடவே சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று இரண்டு பெண்கள் படை. பிரிட்டிஷ் கடற்படையின் சிவப்பு, நீல அணிகளிலிருந்து வந்த கோஷ்டிகளாம் இவை. ஒரே நிறம், ஒரே வெட்டு, ஒரே தொப்பி. இந்த வருஷம் என்ன உடுப்பு என்பது கிறிஸ்துமஸ் காலைவரை பரம ரகசியம். கசிந்தால் எதிர்க் கோஷ்டி ஒரு முழம் சரிகை கூட வைத்துத் தைத்துவிடும். கடற்படைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சண்டையை, அவர்களைவிட ஒழுங்காக இந்தப் பெண்கள் நடத்தினார்கள்.

துரைகள் பார்த்தார்கள், சிரித்தார்கள், சில்லறை எறிந்தார்கள். ஆடுகிறவன் எதைக் கேலி செய்து ஆடுகிறான் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

1831 கிறிஸ்துமஸ் வந்தது. மாண்டிகோ பே பக்கத்தில் சாமுவேல் ஷார்ப் என்று ஒரு பாப்டிஸ்ட் சபை உபதேசியார். அடிமைதான், ஆனால் எழுதப் படிக்கத் தெரியும், செய்தித்தாளும் படிப்பார். அடிமைக்குச் செய்தித்தாள் கிடைப்பது வெடிமருந்து கிடைப்பதைவிட ஆபத்து என்று துரைமாருக்கு அப்போது உறைக்கவில்லை. ஷார்ப்பின் திட்டம் ரொம்ப எளிது: லீவு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டாம், கூலி கொடுத்தால் பார்க்கலாம். அவ்வளவுதான். உலகம் முழுக்கத் தொழிற்சங்கங்கள் செய்வதை இவர் பிரார்த்தனைக் கூட்டம் கலைந்த பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் தீப்பிடித்தது. அதைப் பார்த்து மலைக்கு மலை தீ. அறுபதாயிரம் பேர்வரை இறங்கினார்கள் என்பது கணக்கு. வெள்ளையரில் 14 பேர் செத்தார்கள். பதிலுக்கு விசாரணை என்ற பெயரில் முந்நூறு பேருக்குமேல் மரண தண்டனை. ஆத்திரம் தீராத முதலாளிகள் பாப்டிஸ்ட் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் இப்படியாகக் கோயில் எரிப்பில் முடிந்தது. 1832 மே 23 அன்று ஷார்ப்பை மாண்டிகோ பே சந்தைச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். இன்று அந்தச் சதுக்கத்துக்கு அவர் பெயர், ஜமைக்கா டாலர் நோட்டில் அவர் முகம். தூக்கிலிட்டவர்கள் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷமே லண்டன் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. நஷ்ட ஈடு இரண்டு கோடி பவுண்டு. அடிமைகளுக்கு என்று நினைத்தீர்களா? முதலாளிகளுக்கு! விடுதலையானவர்கள் 1834-லிருந்து மேலும் சில ஆண்டுகள் ‘பயிற்சி’ பெறவேண்டும் என்றார்கள். பரம்பரை பரம்பரையாகக் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி. அந்தக் கூத்தும் 1838-இல் முடிந்தது. ஜூலை 31 நள்ளிரவு, ஃபால்மவுத்தில் வில்லியம் நிப் என்ற பாதிரியாரின் சபையார் ஒரு சவப்பெட்டி செய்தார்கள். உள்ளே சங்கிலி, சாட்டை, கழுத்து இரும்பு வளையம். முறைப்படி பாட்டுப் பாடிக் குழியில் இறக்கினார்கள். அன்று ஃபால்மவுத்தில் சந்தோஷமாக நடந்த ஒரே சாவு அதுதான்.

விடுதலை வந்ததும் ஜான்கனூவுக்கு நல்ல காலம் என்றா நினைக்கிறீர்கள்? 1841-இல் கிங்ஸ்டன் மேயர் ஊர்வலத்துக்குத் தடை போட்டார். அடிமையாக இருந்தபோது ஆடலாம், குடிமகன் ஆன பிறகு ஆடினால் சட்டம் ஒழுங்கு கெடும்! தெருவில் கலவரம் வெடித்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், கிங்ஸ்டனின் பெரிய செய்தித்தாளே ஜான்கனூவுக்குப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தது. இன்றும் கிறிஸ்துமஸ் வந்தால் மாட்டுத்தலை, குதிரைத்தலை, சாத்தான், கிழிந்த துணிப்பட்டைகளே உடம்பான பிச்சி பாச்சி எல்லோரும் குழலும் முரசுமாகத் தெருவுக்கு வருகிறார்கள். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் தலையணை வயிற்றைக் குலுக்கி வரும் ‘கர்ப்பிணி’ வேடத்தில் பெரும்பாலும் மீசைக்கார ஆண்தான்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம். மாதக்கணக்கில் ரம்மில் ஊறிய உலர்பழக் கேக். நம் புளிச்சைக் கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லியிதழை இஞ்சி தட்டிப் போட்டு ஊறவைத்த பானம். பச்சைத் துவரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆக்கிய சோறு. ஆட்டுக்கறிக் குழம்பு 1845 முதல் கப்பலேறிப் போன இந்தியக் கூலிகளின் உபயம். நம்மவர்கள் உரிமையை விட்டுவிட்டு வந்தாலும் மசாலாவை விடவில்லை.

கடைசியாக ஒரு மே மாத லீவு. பிரிட்டிஷ் ஆட்சியில் மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள், பேரரசு நாள் லீவு. 1961 முதல் அதைத் தூக்கிவிட்டு மே 23-ஐ உழைப்பாளர் நாள் ஆக்கினார்கள். 1938 மே மாதம் தீவையே உலுக்கிய வேலைநிறுத்தங்களின் நினைவாக. ஷார்ப்பைத் தூக்கில் போட்ட தேதியும் அதுவே. 1972-இல் பிரதமர் மைக்கேல் மேன்லிக்கு ஒரு யோசனை வந்தது: லீவு நாளில் எல்லோரும் ஊருக்காகச் சும்மா உழைத்தால் என்ன? அன்றிலிருந்து மே 23 ஆனால் ஜமைக்காக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாலையோரம் கன்று நடுகிறார்கள். ஒரு காசு கூலி கிடையாது. கூலி இல்லாமல் வேலை செய்ய மாட்டோம் என்றவரைத் தூக்கிலிட்ட அதே தேதியில், சமையல் பாத்திரமும் பாட்டுப்பெட்டியுமாக வந்து சுண்ணாம்பு வாளியைத் தூக்குகிறார்கள். லீவு விட்டே வேலை வாங்கும் இந்த வித்தை, பாவம், எந்தத் துரைக்கும் தோன்றவில்லை.